மூவாயிரத்து எண்ணூறு மில்லிம்

ஸ்ஃபாக்ஸ் வெளித்துறையில்
கப்பல் வந்து நின்று பத்தொன்பது நாள்.
கான்ஸ்டன்சாவில் ஏற்றிய கோதுமை,
இருபத்தைந்தாயிரம் டன்.
பாரத்தில் சிவப்பு அடிவயிறு முழுக்க அமிழ்ந்து
கறுப்பு மட்டும் தெரிகிறது.

என் படகு சின்னது.
நங்கூரம் போட்ட கப்பல்களுக்குத் தண்ணீர், தக்காளி,
சிகரெட், சிம் கார்டு கொண்டுபோவேன்.
கப்பலைக் கரைக்கு அழைக்கிற வேலை என்னுடையதல்ல.
அதற்கு ஒரு கடிதம் வேண்டுமாம்,
துனிஸ் வங்கி ஜெனீவா வங்கிக்கு எழுதவேண்டியது.
அது கிளம்பவில்லை.
டாலர் இல்லை என்கிறார் சுங்கத்தில் லம்ஜத்.
இருந்தது, மருந்துக்குப் போய்விட்டது
என்கிறார் அவருடைய மேலதிகாரி.

இதற்குள் கோதுமை சும்மா இருக்கவில்லை.
நின்ற இடத்திலேயே மூன்று முறை கைமாறிவிட்டது.
வாங்கிய எவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை,
ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்ததில்லை.
கான்ஸஸில் மழை பொய்க்கும் என்று
சிகாகோவில் யாரோ சொன்னால்
இங்கே, அலையில்லாத நீரில்,
விலை ஏறி இறங்குகிறது.

நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும்
கப்பல்காரனுக்குப் பதினெட்டாயிரம் டாலர்.
நிற்பதற்குக் கூலி உண்டென்றால்
எங்கள் தெருதான் ஊரிலேயே பணக்காரத் தெரு:
விடியற்காலை நாலு மணிக்கே
மோங்கியின் அடுமனை வாசலில் நிற்கிறோம்.

இருபதாம் நாள் விடியலில்
போன வாரம் நான் விட்டுவந்த கூடையைக்
கயிற்றில் இறக்கினான் சமையற்காரன் வக்தாங்.
பத்தூமி ஊர்க்காரன்.
ரொட்டி இல்லாமல் சோறு தொண்டையில் இறங்காது என்பான்.
கூடைக்குள் ஒரு துண்டுச் சீட்டு:
ரொட்டி. இருபது. மாவு தீர்ந்துவிட்டது.

அண்ணாந்து பார்த்தேன்.
அவன் காலுக்குக் கீழே ஐந்து கிடங்குகள்.
மூடிகளில் கம்பி முறுக்கி ஈய முத்திரை.
உடைத்தால் வழக்கு, அதுவும் லண்டனில்.
ஏற்றும்போது சிந்திய மணிகளைக்
கான்ஸ்டன்சாவிலிருந்தே கூட வந்த ஒரு சிட்டுக்குருவி
கொத்திக்கொண்டிருந்தது,
யார் கையெழுத்தும் இல்லாமல்.

வரிசைக்கு வந்தேன்.
ஆளுக்கு நாலு, என்றார் மோங்கி, தலை நிமிராமல்.
எனக்கு இருபது வேண்டும்.
கல்யாணமா?
இல்லை. கோதுமைக் கப்பலுக்கு.

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.
பிறகு சிரிப்பு கிளம்பியது.
தலையிலிருந்து வால்வரை ஓடி
மூலை மருந்துக்கடையைத் தாண்டித் திரும்பிற்று.
அங்கே நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டு
அவர்கள் சிரித்து முடிக்கும்போது
முன்னால் நின்றவர்களுக்குச் சிரிப்பு போய்விட்டிருந்தது.
பச்சையாகத் தின்னட்டும், என்றான் ஒருவன்.
அவன் சொன்னது தப்பு என்று யாரும் சொல்லவில்லை.
உப்பளத்தில் வேலை பார்க்கும் நஜீபா மட்டும்
தன் நாலில் இரண்டை என் கையில் திணித்தாள்,
திட்டிக்கொண்டேதான்.
அப்புறம் ஒருவர் ஒன்று, இன்னொருவர் ஒன்று.
எல்லோருக்கும் காசு கொடுத்தேன்,
ரொட்டிக்கு நூற்றுத்தொண்ணூறு மில்லிம்.

கூடைமேல் சட்டையைப் போர்த்தி
சூடு ஆறுவதற்குள் படகை விட்டேன்.
வக்தாங் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.
காசு நாளைக்கு, என்று கைகாட்டினான்.
கேப்டன் பெட்டியில் சில்லறை இல்லையாம்.

அன்றிரவே கப்பல் போய்விட்டது.
மிஸ்ராத்தாவுக்கு, என்றார் லம்ஜத்.
டன்னுக்கு ஏழு டாலர் கூட.

என் கடன் நோட்டில்
டீசல் கணக்குக்கும் வலைக்காரன் கணக்குக்கும் நடுவே
எழுதிவைத்திருக்கிறேன்:
கோதுமைக் கப்பல். ரொட்டி இருபது.
பாக்கி மூவாயிரத்து எண்ணூறு மில்லிம்.
கூடை தனி.